யோகமும் ஆயுர்வேதமும் இணைந்த பெருவாழ்வு
ஸ்ரீ திருமலை கிருஷ்ணமாச்சார்யர்

மாசி மகத் திருவிழாவில் காரமடை ஸ்ரீ அரங்கநாதப் பெருமாளின் திருத்தேர் வடம் பிடிக்கக் கொங்கு நாடெங்குமிருந்து அடியார்கள் திரள்கின்றனர். வடம் பிடிக்கக் கை வேண்டும். வலம் வரக் கால் வேண்டும். திருநாமம் சொல்ல மூச்சு வேண்டும். பகவத் கைங்கர்யத்திற்குக் கருவியாகிய இத்தேகத்தைப் பேணும் முறையைத் தம் நூறாண்டு வாழ்வால் காட்டியருளிய மஹான் ஸ்ரீ திருமலை கிருஷ்ணமாச்சார்யர் ஆவார்.

ஸ்வாமி 1888ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தைச் சேர்ந்த முசுகுந்தபுரத்தில் அவதரித்தார். நாலாயிரத்தை நமக்கு மீட்டுத் தந்த யோகியான நாதமுனிகளின் வம்சம் இவருடையது என்பர். தந்தையாரிடமே வடமொழியும் ஆஸனங்களும் பயின்றார். பத்து வயதில் தந்தையை இழந்தபின், மைசூர் பரகால மடத்தின் நிழலில் வளர்ந்தார். காசியில் சாஸ்திரங்களையும், வங்கத்தில் கிருஷ்ணகுமார் என்னும் வைத்தியரிடம் ஆயுர்வேதத்தையும் கற்றார். பின்னர் மானஸரோவரத்தருகே ராமமோஹன பிரம்மசாரி என்னும் யோகியிடம் ஏழாண்டுகளுக்கு மேல் குருகுலவாஸம் செய்தார். அந்தக் குரு கேட்ட தக்ஷிணை ஒன்றே: ஊர் திரும்பி, இல்லறம் ஏற்று, யோகத்தை உலகிற்குக் கற்பிக்க வேண்டும் என்பது.

பெரும் பண்டிதராகிப் பதவிகளில் அமர்ந்திருக்கத் தக்கவர், குருவின் ஆணையைச் சிரமேற்கொண்டு வறுமையை ஏற்றார். யோகத்தை ஆதரிப்பார் அரிதாகிய அக்காலத்தில், ஹாஸன் பகுதியின் காப்பித் தோட்டம் ஒன்றில் பணிபுரிந்தும் குடும்பத்தைக் காத்தார். பின்னர் மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவு கிட்டியது. 1933இல் ஜகன்மோஹன அரண்மனையில் யோகசாலை ஏற்பட்டது. 1934இல் இவருடைய யோக மகரந்தம் என்னும் நூல் வெளிவந்தது. நோயால் மெலிந்திருந்த இவருடைய இளம் மைத்துனர் பி. கே. எஸ். ஐயங்கார் இங்கு பயின்றே பிற்காலத்தில் உலகறிந்த ஆசிரியரானார். அயல்நாட்டிலிருந்து வந்த இந்திரா தேவி அம்மையாரை, கடுமையான உணவு நியமங்களை விதித்தே சிஷ்யையாக ஏற்றார்.

1950இல் யோகசாலை மூடப்பட்டது. பக்கவாதத்தால் வருந்திய சட்ட அறிஞர் ஒருவருக்குச் சிகிச்சை செய்யும் பொருட்டு அழைக்கப்பட்டு, 1952இல் ஸ்வாமி சென்னைக்கு எழுந்தருளினார். அறுபதைக் கடந்த பிராயத்தில் மீண்டும் ஒரு தொடக்கம்! இளமையில் சபைகளில் அரிய ஆஸனங்களைக் காட்டி வியக்க வைத்தவர், இப்போது நோயாளியின் அருகமர்ந்து நாடி பார்க்கலானார்.

இவரது வழி இன்னதெனச் சுருங்கச் சொல்லலாம். வாத பித்த கபங்களின் நிலை, வயது, தொழில், பருவம், உண்ணும் உணவு, மூச்சின் தன்மை ஆகியவற்றை ஆராய்ந்த பின்னரே பயிற்சி விதிப்பார். வளரும் சிறுவர்க்குத் துடிப்பான ஆஸனங்கள். இல்லறத்தார்க்கு ஆரோக்கியம் காக்கும் அளவான ஆஸனமும் பிராணாயாமமும். முதியோர்க்குத் தியானமும் பகவத் சிந்தனையும் முதன்மை. ஏர் பிடிக்கும் உழவருக்கும், பஞ்சாலையில் நாள் முழுதும் நிற்பவருக்கும், அமர்ந்து கணக்கெழுதுபவருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது என்பது இதனால் விளங்கும். மருந்தும் பத்தியமும் மூச்சும் ஒன்றையொன்று தாங்க வேண்டும். உணவிலும் உறக்கத்திலும் உழைப்பிலும் அளவறிந்தவனுக்கே யோகம் கைகூடும் என்று கீதாசார்யன் ஆறாம் அத்தியாயத்தில் உபதேசித்ததும் இதுவே அன்றோ!

இக்கொள்கைக்குக் கடைசிச் சோதனை 96ஆம் பிராயத்தில் வந்தது. ஸ்வாமி இடறி விழ, இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சையை மறுத்த அவர், படுக்கையிலிருந்தபடியே தமக்கேற்ற பயிற்சியை வகுத்துக்கொண்டார். பிறர்க்கு விதித்த நெறியைத் தமக்கும் விதித்துக்கொண்ட உத்தமர் அவர். ஆஸனங்கள் விலகிய போதும் மூச்சும் ஜபமும் விலகவில்லை.

1976இல் இவருடைய திருக்குமாரர் தேசிகாசார் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை நிறுவினார். நூறு பிராயம் நிறைந்து, 1989ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் ஸ்வாமி ஆசார்யன் திருவடியை அடைந்தார்.

திருத்தேர் கண்டு இல்லம் திரும்பும் அடியார்கள், வயதுக்கேற்ற பயிற்சியையும் தேகத்திற்கேற்ற உணவையும் தக்க ஆசிரியரிடமும் வைத்தியரிடமும் கேட்டறிந்து கைக்கொள்வாராக. அடுத்த மாசியிலும் அரங்கன் திருத்தேர் வடம் பிடிக்கும் வலிமையை எம்பெருமான் அனைவர்க்கும் அருள்வானாக!

சுபம்.