விமானிகளுக்கு வழி காட்டிய பத்து சென்ட் நோட்டு

கம்பெனி முதலாளி ஒருவர் தம் சொந்த ஜெட் விமானத்தில், முன்பின் போயிராத ஓர் ஊருக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஏறி உட்காருவது ஒன்றுதான் வேலை. விமானிக்கோ, ஏறுவதற்கு வெகு நேரம் முன்பே வேலை ஆரம்பமாகிவிடுகிறது. போகிற இடத்தில் ஓடுபாதையின் நீளம் எவ்வளவு? பக்கத்தில் மலை உண்டா, புகைபோக்கி உண்டா? இரவில் விளக்கு எரியுமா? எரிபொருள் கிடைக்குமா? மேகம் மூடிக்கொண்டால் எந்தத் திசையிலிருந்து இறங்குவது? இறங்கவே முடியாவிட்டால் வேறு எந்த ஊருக்குப் போவது?

இத்தனை கேள்விகளுக்கும் விடை இன்று விமானியின் கையில் தயாராக இருக்கிறது. ஒரு காலத்தில் அப்படி இல்லை. அந்த விடைகளைத் தேடித் தேடி எழுதி வைத்து, விமானிகள் அனைவருக்கும் வழிகாட்டியானவர் ஒரு சாதாரணத் தபால் விமானி. எல்ரே ஜெப்பெஸன் என்பது அவர் பெயர்.

தச்சர் மகன்

ஜெப்பெஸன் 1907 ஜனவரி 28-ஆம் தேதி அமெரிக்காவில் லூயிஸியானா ராஜ்யத்தில் பிறந்தார். பெற்றோர் டென்மார்க்கிலிருந்து குடியேறியவர்கள். தகப்பனார் தச்சு வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். பையன் வளர்ந்தது மேற்கே ஆரிகன் ராஜ்யத்தில், மலையும் ஆறும் சூழ்ந்த ஒரு சிற்றூரில். சிறகை அசைக்காமல் உயரே வட்டமிடும் பறவைகளைப் பார்த்துக்கொண்டே பொழுதைப் போக்குவான். ஊருக்கு ஊர் விமானத்தில் வித்தை காட்டி வந்த கூட்டத்தினரிடம் காசு கொடுத்து ஒரு முறை பறந்து பார்த்தான். அந்த ஆசை பிறகு அவனை விடவில்லை.

இருபதாவது வயதில் அவரே அப்படிப்பட்ட வித்தைக் கூட்டம் ஒன்றில் சேர்ந்தார். 500 டாலருக்குப் பழைய ராணுவ விமானம் ஒன்றையும் வாங்கிக்கொண்டார். அவருடைய விமானி லைசென்ஸில் கையெழுத்திட்டவர் யார் தெரியுமா? உலகிலேயே முதன்முதலாக விமானம் ஓட்டிய ஆர்வில் ரைட்!

எமனோடு பந்தயம்

1930-ல் ஜெப்பெஸன் தபால் விமானியானார். பிறகு போயிங் தபால் விமானக் கம்பெனியில், ஸால்ட் லேக் நகரத்துக்கும் செயென் நகரத்துக்கும் இடையே பறந்தார். இரண்டு ஊருக்கும் நடுவே வானத்தை முட்டும் ராக்கி மலைத்தொடர். குளிர்காலத்தில் பனிப்புயல் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கவியும்.

அக்காலத்தில் விமானிகளுக்கென்று சரியான வரைபடம் கிடையாது. மோட்டார்காரர்கள் வைத்திருக்கும் சாலைப் படத்தை மடியில் விரித்துக்கொண்டு, ரயில் பாதையைப் பார்த்தபடியே தாழப் பறப்பார்கள். இரவில் வழி காட்ட ஆங்காங்கே சுழல் விளக்குகள் இருந்தன. ஆனால் மேகம் கவிந்தால் அவை கண்ணுக்குத் தெரியா. சாலைப் படத்தில் சாலை இருக்கும். மலையின் உயரம் இருக்காது. கீழே இறங்கினால் மலை. மேலே ஏறினால் இருட்டு. அந்த 1930-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மட்டும், அவரோடு பறந்த 18 விமானிகளில் நால்வர் மாண்டார்கள் என்பார்கள். முந்திய நாள் சேர்ந்து சாப்பிட்டவன் மறுநாள் இல்லை என்பதுதான் அவர்கள் வாழ்க்கை.

செத்தவர்கள் விமானம் ஓட்டத் தெரியாதவர்கள் அல்லர். முன்னால் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஜெப்பெஸனின் மனத்தை உறுத்தியது இதுவே.

கறுப்பு நோட்டு

பத்து சென்ட் கொடுத்து ஒரு சின்னக் கறுப்பு நோட்டுப் புத்தகம் வாங்கினார். தாம் இறங்கும் ஒவ்வொரு மைதானத்தைப் பற்றியும் அதில் குறித்துக்கொண்டார். அதன் நீளம், சரிவு, மழை பெய்தால் தண்ணீர் வடியுமா தேங்குமா, விளக்கு எங்கே, பக்கத்தில் உள்ள தடைகள் என்ன என்று ஒன்றையும் விடவில்லை. வழியில் குடியிருந்த குடியானவர்களின் டெலிபோன் நம்பர்களையும் எழுதி வைத்தார். புறப்படுமுன் அவர்களைக் கூப்பிட்டு, அங்கே மேகம் எப்படி, பனி எப்படி என்று விசாரிக்கத்தான்!

ஓய்வு நாட்களிலும் அவர் சும்மா இருக்கவில்லை. காற்றின் அழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் காட்டும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு குன்றுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் புகைபோக்கிகளிலும் ஏறினார். ஒவ்வொன்றின் உச்சியிலும் நின்று உயரத்தைக் குறித்தார். வானத்தில் பறப்பவனுக்குப் பைத்தியமா, ஏன் புகைபோக்கியில் ஏறுகிறான் என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். வானத்தில் பறப்பவனின் உயிர் தரையில்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

மேகத்துக்குள் இருந்தபடி இறங்குவதற்கும் வழி எழுதினார். வானொலி நிலையத்தைத் தாண்டியதும் இன்ன திசையில் திரும்பு. இத்தனை நிமிஷம் பற. இன்ன உயரத்துக்குக் கீழே போகாதே. அப்பொழுதும் தரை தெரியாவிட்டால் மேலே ஏறித் திரும்பிவிடு. இப்படிப் படமாகப் போட்டு வைத்தார்.

எல்லோருக்கும் பங்கு

தாம் பாடுபட்டுத் தேடியதைத் தமக்கென்று பூட்டி வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. சக விமானிகள் கேட்டார்கள். பிரதி எடுத்துக் கொடுத்தார். கேட்பவர் தொகை பெருகவே, 1934-ல் வீட்டின் நிலவறையில் அச்சுவேலையைத் தொடங்கி, புத்தகம் ஒன்று 10 டாலர் என்று விற்றார். விமானியின் அடிப்படைச் சம்பளமே வாரம் 50 டாலர்தான். ஆனாலும் வாங்கினார்கள். உயிருக்கு அது மலிவு விலை அல்லவா?

1936-ல் விமானப் பணிப்பெண்ணாக இருந்த நாடீனை மணந்தார். கணவர் பறக்க, கம்பெனியைக் கவனிப்பதில் மனைவி துணையானார். 1941-ல் தொழில் டென்வர் நகருக்கு மாறிற்று. இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கக் கடற்படை விமானிகளும் அவருடைய படங்களைப் பயன்படுத்தினார்கள். 1947-ல் அமெரிக்க அரசாங்க விமான இலாகாவோடு சேர்ந்து, விமானம் இறங்கும் முறைகளை நாடு முழுவதற்கும் ஒரே சீராக வகுக்க உதவினார்.

தொழில் இவ்வளவு வளர்ந்தும் அவர் பறப்பதை விடவில்லை. 1954-ல்தான் யுனைடெட் கம்பெனியின் விமானி வேலையிலிருந்து விலகினார். 1961-ல் தம் கம்பெனியை விற்ற பின்பும் அதன் நிர்வாகத்தில் நெடுநாள் இருந்தார். கம்பெனியும் படம் போடுவதோடு நிற்கவில்லை. எந்த வழியாகப் போவது, எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று பிரயாணத் திட்டம் வகுத்துக் கொடுக்கும் வேலையிலும் பின்னாளில் இறங்கிற்று. குடியானவருக்கு டெலிபோன் செய்து விசாரித்த அதே வேலைதான். அளவு மட்டுமே பெரிதாயிற்று.

1995-ல் திறக்கப்பட்ட டென்வர் விமான நிலையத்தின் பிரதான கட்டடத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அவருடைய உருவச் சிலையும் அங்கே நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு, 1996 நவம்பர் 26-ஆம் தேதி, தமது 89-ஆம் வயதில் அவர் காலமானார். எத்தனையோ தோழர்கள் வாலிபத்திலேயே மலையில் மோதி மடிந்த தொழிலில், அவர் கிழவராகிப் படுக்கையில் கண்ணை மூடினார்.

காகிதப் புத்தகம் போய் இன்று மின்திரை வந்துவிட்டது. ஆனாலும் விமானிகள் அந்தப் படங்களை அவர் பெயரைச் சுருக்கி, ஜெப் என்றே அழைக்கிறார்கள். தாம் அறிந்ததை அடுத்தவனுக்கும் சொன்ன ஒரு மனிதனின் பெயர், அவனை அறியாதவர் நாவிலும் நிலைத்துவிட்டது. அடுத்த முறை மழை மேகத்தைக் கிழித்துக்கொண்டு உங்கள் விமானம் பத்திரமாகத் தரையில் இறங்கும்போது, அந்தப் பத்து சென்ட் நோட்டை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.