282 மதிப்பெண்: அண்ணலின் விடைத்தாளும் நமது கட்-ஆஃபும்

1907ஆம் ஆண்டு பம்பாய்ப் பல்கலைக்கழகம் நடத்திய மெட்ரிகுலேசன் தேர்வில், எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி மாணவர் பீமராவ் 750க்கு 282 மதிப்பெண் பெற்றார். நூற்றுக்கு 38ஐக்கூட எட்டாத மதிப்பெண் அது. ஆயினும் அதற்காகப் பம்பாயில் ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்தது. சமூகச் சீர்திருத்தவாதி எஸ்.கே. போலே தலைமை தாங்கினார். கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். மகர் சமூகத்துப் பிள்ளை ஒருவர் மெட்ரிகுலேசன் தேறுவது அன்று அத்துணை அரிதாக இருந்தது.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்தவற்றை எந்த மதிப்பெண் பட்டியலும் பதிவு செய்வதில்லை. சாத்தாராவில் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத்துணியில்தான் அவர் வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. பள்ளிப் பணியாள் குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். அவர் இல்லாத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டும். சமஸ்கிருதம் படிக்க விரும்பியவர் அது மறுக்கப்பட்டுப் பாரசீகம் படித்தார். பம்பாய் பரேல் பகுதியில் குடும்பம் முழுவதற்கும் ஒரே அறை. எல்லோரும் உறங்கும் பின்னிரவில் தந்தை ராம்ஜி எழுப்பிவிட, மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பாடங்களுக்குக் கிடைத்த பலன்தான் அந்த 282.

1912இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் உதவித்தொகையுடன் 1913இல் கொலம்பியா சென்றார். 1915இல் முதுகலைப் பட்டம். 1916இல் சாதியின் தோற்றம் குறித்த புகழ்பெற்ற ஆய்வுரை. அதே ஆண்டு இலண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். ஆனால் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டதால், 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. பரோடாவில் பணியேற்ற அவருக்குத் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. வெளிநாட்டுப் பட்டத்தால் சாதியைத் தடுத்து நிறுத்த முடியவில்லை.

பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து சேர்த்த பணம், கோலாப்பூர் மன்னர் ஷாகுவின் உதவி, நண்பர் நவல் பதேனா தந்த கடன் ஆகியவற்றை நம்பி 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். அரை வயிற்று உணவு. பகல் முழுவதும் நூலகம். 1921இல் எம்.எஸ்சி. பட்டமும் 1922இல் வழக்கறிஞர் தகுதியும் கிடைத்தன. எஞ்சியிருந்தது டி.எஸ்சி. பட்டம். அதற்காக ரூபாயின் பிரச்சினை குறித்த ஆய்வேட்டை 1922 அக்டோபரில் ஒப்படைத்தார்.

1923 மார்ச்சில் ஆய்வேடு திரும்பி வந்தது. திருத்தி மீண்டும் எழுதித் தருமாறு தேர்வாளர்கள் கேட்டிருந்தனர். பிரிட்டிஷ் ஆட்சியின் நாணயக் கொள்கை மீதான அதன் கடுமையே காரணம் என்று அவரது வாழ்க்கை வரலாற்றாளர்கள் எழுதுகின்றனர். கையெட்டும் தூரத்தில் இருந்த பட்டம் நழுவியது. இலண்டனில் தங்கித் திருத்திக் கொடுக்கக் கையில் பணமில்லை. பட்டமின்றியே பம்பாய் திரும்பினார்.

அங்கே அவர் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்வதற்கும் பதேனாவின் உதவி தேவைப்பட்டது. தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட வழக்கறிஞரை நாடிவந்த கட்சிக்காரர்கள் மிகச் சிலரே. அந்த நெருக்கடிக்கு நடுவே, தம் முடிவுகளை விட்டுக்கொடுக்காமல் ஆய்வேட்டைத் திருத்தி எழுதி ஆகஸ்டில் அனுப்பினார். நவம்பரில் அது ஏற்கப்பட்டது. டிசம்பரில் பேராசிரியர் எட்வின் கேனனின் முன்னுரையோடு இலண்டனில் நூலாக வெளிவந்தது. கொலம்பியாவின் முனைவர் பட்டமும் ஆய்வேடு அச்சில் வந்த பிறகு, 1927இல்தான் முறைப்படி வழங்கப்பட்டது.

இவ்வரலாற்றை விடாமுயற்சிக் கதையாக மட்டும் சொல்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. அவரால் முடிந்ததே, உன்னால் ஏன் முடியாது என்று முதல் தலைமுறை மாணவரிடம் கேட்பதற்கே அது பயன்படுகிறது. 1923இல் அவரைக் காத்தது உழைப்பு மட்டுமன்று. ஆய்வேடு திருப்பி அனுப்பப்பட்டபோதும் கதவு மூடப்படவில்லை; மீண்டும் தர வழி இருந்தது. கடன் கொடுக்க ஒரு நண்பர் இருந்தார். இவ்விரண்டில் ஒன்று இல்லாமற் போயிருந்தாலும் அந்த உழைப்பு வீணாகியிருக்கும்.

இன்றைய விதிகளைப் பாருங்கள். முதுகலைப் பட்டத்தைக் கொண்டு பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வெழுத, பட்டியல் சாதி மாணவர் அதில் 50 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். முழு எண்ணாக்கம் கிடையாது. 49.9 என்றால் தகுதியில்லை. அண்ணல் சென்ற பாதையில் செல்ல விரும்புவோருக்கான ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு 60 விழுக்காடு வேண்டும். இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் குறித்த ஆய்வுகளையும் 2022இல் அத்திட்டத்திலிருந்து நீக்கினார்கள். சாதியின் தோற்றத்தை ஆராய இன்றொரு மாணவர் கொலம்பியா செல்ல விண்ணப்பித்தால், அவருக்கு அந்தத் தொகை கிடைக்காது.

தமக்கு நேர்ந்ததைத் தனிமனிதத் துயரமாக அண்ணல் சுருக்கிக்கொள்ளவில்லை. 1920களின் நடுவில் பம்பாய்ப் பல்கலைக்கழகச் சீர்திருத்தக் குழுவுக்கு அளித்த சாட்சியத்தில், தேர்வு நடத்துவதோடு நின்றுவிடும் பல்கலைக்கழகத்தை ஏற்க மறுத்தார். கற்பித்தலும் ஆய்வுமே அதன் முதற்கடமை என்று வாதிட்டார். அவர் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்த 1944இல் பட்டியல் சாதியினருக்கான மெட்ரிகுலேசனுக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை தொடங்கியது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தையும் மறு ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் நிறுவினார். ஒரு நண்பரின் கடனைச் சார்ந்து நிற்காத கல்வியே அவர் கட்ட விரும்பியது.

அரை மதிப்பெண்ணில் முதல் வகுப்பை இழந்தவருக்கு ஆறுதல் மட்டும் போதாது. அவருக்குச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்வையிடவும் நகல் பெறவும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்த் தேர்வெழுதியவருக்கு உரிமையுண்டு என உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் கால வரம்பு குறுகியது. வருந்திக்கொண்டிருக்கும் நாட்களிலேயே அது முடிந்துவிடும். முடிவு வெளியான வாரத்திலேயே மனுவை எழுதுங்கள். போட்டித் தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தகுதியை அளக்க முடியாது என்று அதே நீதிமன்றம் 2022இல் ஏற்றுக்கொண்டது. அந்த வாசகம் தீர்ப்பில் இருக்கிறது. சேர்க்கை விதிகளுக்குள் இன்னும் வரவில்லை. அதை அங்கே கொண்டுவருவது மாணவர் அமைப்புகளும் நம்மைப் போன்ற வழக்கறிஞர்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.