சாலில் இட்ட விதை

ஆவணி மாதத்தில் கடலூரிலிருந்து சிதம்பரம் வழியாகக் காட்டுமன்னார்கோயில் செல்வோர், புழுதி பறக்கும் வயல்களைச் சாலையின் இருமருங்கும் காணலாம். காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதி இது. கீழணை நீரும் வீராணம் ஏரி நீரும் வந்து சேரும்வரை காத்திருந்து, நாற்றுவிட்டு நடவு செய்தால் சம்பாப் பருவம் பிந்திவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இளம்பயிர் மூழ்கும். ஆகவே உழவர் பலர் புழுதியிலேயே நெல்லை நேரடியாக விதைத்துவிடுகின்றனர். சிலர் கையால் தெளிப்பர். சிலர் டிராக்டருக்குப் பின்னே பூட்டிய கருவியால் சால் சாலாக விதைப்பர். அக்கருவியின் பெட்டிக்குள், சுழலும் உருளை ஒன்று தன் பள்ளங்களில் சில மணிகளை ஏந்திக் குழாயில் விடுகிறது. இத்தகைய பொறியை முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் இயக்கிக் காட்டியவர் ஜெத்ரோ டல். அவர் முதலில் விதைக்க விரும்பியது நெல்லும் அன்று, கோதுமையும் அன்று. கால்நடைகள் தின்னும் ஒரு தீவனப் பயிர்.

1674ஆம் ஆண்டு பெர்க்சயரைச் சேர்ந்த பேசில்டன் என்னும் ஊரில் நிலவுடைமைக் குடும்பமொன்றில் டல் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் சில காலம் பயின்று, இலண்டனில் சட்டம் கற்று, 1699இல் வழக்கறிஞரானார். அவ்வாண்டிலேயே திருமணமும் நடந்தது. வழக்கு மன்றம் அவரை ஈர்த்துக்கொள்ளவில்லை, உடல்நலமும் ஒத்துழைக்கவில்லை. வாலிங்போர்டு நகருக்கு அருகிலிருந்த தந்தையின் நிலத்தில் உழவராக அமர்ந்தார்.

அந்நிலத்தில் செயின்பாயின் என்னும் பயிரை வளர்க்க அவர் முனைந்தார். அது நம் குதிரைமசாலைப் போன்ற பயறுவகைத் தீவனம். ஒருமுறை வேரூன்றினால் பல ஆண்டுகள் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் அதன் விதை விலை மிகுந்தது. கையால் வாரி இறைத்த விதையில் பெரும்பகுதி முளைக்காமலே போயிற்று. மற்றவர் இதைத் தெய்வச் செயலென்றோ நிலத்தின் குறையென்றோ விட்டிருப்பர். டல் மண்ணைக் கிளறிப் பார்த்தார். மிக ஆழத்தில் புதைந்த விதை மேலே வர இயலாமல் மடிந்ததையும், குறிப்பிட்ட ஆழத்தில் விழுந்தது செழித்ததையும் கண்டார். நெருக்கமாக முளைத்தவை ஒன்றையொன்று நலிவித்ததும், இடைவெளி பெற்றவை பருத்து வளர்ந்ததும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது பின்னர் செய்த பொறியன்று. குனிந்து பார்த்த இந்தப் பார்வையே.

பணியாளரைக்கொண்டு சிறு சால்கள் கீறி, அளவாக விதையிட்டு மூடச் செய்தார். முதலில் அது நன்கு நடந்தது. அடுத்த முறை அவர்கள் அவ்வாறு செய்ய மறுத்து வேலையைக் கெடுத்தனர் என்பது டல் எழுதிவைத்த செய்தி. அப்பணியாளர் தம் பக்கத்தை எழுதிவைக்கவில்லை. குளிர்ந்த மண்ணில் நாள்முழுதும் குனிந்து விதையை எண்ணி இடும் வேலை எத்தகையது என்பதை நடவு வயலில் நின்றவர் அறிவர். அவர்களை விலக்கிவிட்டு, ஆளின்றி அவ்வேலையைச் செய்யும் பொறியொன்றை ஆக்க டல் முற்பட்டார்.

இளமையில் ஆர்கன் என்னும் இசைக்கருவியின் உள்ளமைப்பை அவர் அறிந்திருந்தார். அதன் காற்றுத் துளைகளைத் திறந்தும் மூடியும் இயக்கும் நாக்கும் வில்லும் அவர் நினைவுக்கு வந்தன. காற்றுக்குப் பதிலாக விதையை விட்டால் என்ன என்று எண்ணினார். 1701ஆம் ஆண்டளவில் பொறி உருவாயிற்று. குதிரை இழுக்க, முன்னே கொழு மண்ணைக் கீற, பெட்டியிலிருந்து விதை அளவாகச் சாலில் விழ, பின்னே வரும் பரம்பு அதை மூடிற்று. ஒரே நேரத்தில் மூன்று வரிசைகள் விதைக்கப்பட்டன.

பின்னர் அவர் ஹங்கர்போர்டு அருகே, புராஸ்பரஸ் என்னும் பண்ணைக்குக் குடிபெயர்ந்தார். நோய் முற்றவே 1711இல் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் சென்றார். அங்குத் திராட்சைத் தோட்டங்களில் வரிசைகளுக்கிடையே மண்ணைக் கிளறிவிடும் வழக்கத்தைக் கண்டார். திரும்பி வந்து, வரிசைப் பயிர்களின் இடையே குதிரை இழுக்கும் களைக்கொத்தியை ஓட்டினார். இம்முறையை விளக்கிய அவரது நூல் 1731இல் வெளிவரத் தொடங்கியது.

அவருடைய விளக்கத்தில் பிழை இருந்தது. வேர்கள் நுண்ணிய மண்துகளையே உணவாக உண்கின்றன என்றும், மண்ணைப் பொடியாக்கினால் எருவே வேண்டியதில்லை என்றும் அவர் நம்பினார். ஒரே வயலில் எருவின்றிப் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கோதுமை விளைத்தது அந்நம்பிக்கையை உறுதிப்படுத்திற்று. பிறர் கருத்தைத் திருடினார் என்ற பழியும் அவர்மேல் விழுந்தது. நோயோடும் வசையோடும் போராடி 1741இல் அவர் மறைந்தார். அவரது பொறி இங்கிலாந்தில் பரவலாகப் பயன்படுவதற்கு மேலும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

வரிசை விதைப்பு அவருக்கு முன் உலகில் இல்லாததும் அன்று. சீனரும் பழைய மெசபடோமியரும் அதை அறிந்திருந்தனர். 1790களில் தென்னிந்தியாவிலிருந்த தாமஸ் ஹால்காட் என்னும் ஆங்கிலேய அலுவலர், அக்கலை ஐரோப்பியருடைய புதுக்கண்டுபிடிப்பு என எண்ணியிருந்தவர், இங்குள்ள உழவர் அதை எளிய மரக்கருவியால் செய்வதைக் கண்டு வியந்து எழுதினார். ஏரின் பின்னே குழல் பொருத்தி விதைவிடும் அக்கருவியைத் தெலுங்கு நாட்டார் கொர்ரு என்பர்.

மண்ணைப் பொடியாக்கச் சொன்ன டல்லின் பொறியே இன்று உழாத நிலத்திலும் ஓடுகிறது. பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் பழைய மேய்ச்சல் நிலத்தைப் புரட்டாமல், மெல்லிய கீறல்களில் புல்விதையையும் குளோவர் விதையையும் இட்டுப் புதுப்பிக்கின்றனர். உழாமல் விதைப்பது நமக்கும் புதிதன்று. சிதம்பரம் வட்டாரத்தில் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே, நிற்கும் நெல்லினூடே ஈர மண்ணில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கின்றனர். அந்த உளுந்துக்கு உழவே இல்லை.

நேரடி விதைப்பில் நாற்றங்கால் இல்லை, நடவுச் செலவு இல்லை. நடவு வேலையும் இல்லாமற் போவதால், அக்கூலியை நம்பிய பெண்களுக்கு அவ்வாரங்களில் வருவாயும் இல்லை. ஆனால் தேங்கிய நீர் இல்லாத புழுதி வயலில் நெல்லோடு களையும் முளைக்கிறது. கைத்தெளிப்பு வயலில் பயிரை மிதிக்காமல் களையெடுப்பது கடினம். சாலில் விதைத்த வயலிலோ வரிசைகளுக்கிடையே கால் வைக்கவும் களைக்கருவி ஓட்டவும் இடம் இருக்கிறது.