மலையில் உருண்ட பந்து

ராசிங்காபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் ஏலக்காய் விளையும் மலை தெரியும். அதே மலைத்தொடரில், வடக்கே வெகுதூரத்தில் இருக்கிறது வயநாடு.

ஒரு நூறு ஆண்டுக்கு முன் அங்கே தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஓர் ஆங்கிலேயர் வேலை பார்த்தார். அவருடைய மகன்தான் கான்ராட் வாடிங்டன்.

1905-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த குழந்தை, வயநாட்டு மலையில் வளர்ந்தது. நாலு வயதில் இங்கிலாந்துக்கு, உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெற்றோர் 1928 வரை இந்தியாவிலேயே இருந்தார்கள். பெற்ற மனம் எப்படித்தான் பொறுத்ததோ!

பையன் கேம்பிரிட்ஜில் பாறைகளைப் பற்றிப் படித்தான். பிறகு மனம் உயிர்களின் பக்கம் திரும்பியது. முட்டைக்குள் கோழிக்கரு வளரும் விதத்தை ஆராயத் தொடங்கினார் வாடிங்டன்.

கண்ணும் காலும் ஒரே கருவில் இருந்து வந்தவை. இரண்டின் உயிரணுக்களிலும் ஒரே மரபணுக்கள்தான் உள்ளன. பின் ஒன்று கண்ணாகவும் ஒன்று காலாகவும் ஆவது எப்படி?

இந்தக் கேள்விக்குரிய படிப்புக்கு 1942-ல் அவர் வைத்த பெயர் எபிஜெனிடிக்ஸ். 1957-ல் ஒரு புத்தகத்தில் அதைப் படமாகவே காட்டினார். மலை உச்சியில் ஒரு பந்து. கீழே பல பள்ளங்கள். ஒரு பள்ளத்தில் இறங்கிய பந்து அடுத்த பள்ளத்துக்கு ஏறிப்போவது கடினம். உயிரணுவும் அப்படியே. மழைக்காலத்தில் ஓடை இறங்கும் வழியைப் பார்த்த போடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1947 முதல் எடின்பரோவில் பேராசிரியராக இருந்த அவர், 1975 செப்டம்பர் 26-ந் தேதி காலமானார்.

தூங்கும் கிருமி

எச்.ஐ.வி. கிருமி பிரான்சில் கண்டறியப்பட்டது 1983-ல். இந்தியாவில் முதன்முதலாக அது தெரியவந்தது சென்னையில், 1986-ல். தாம் வைத்த பெயர் இந்த நோய்க்கும் விளக்கம் தரும் என்று வாடிங்டன் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

இந்தக் கிருமி இரத்தத்தின் வெள்ளை அணுவுக்குள் புகுந்து, தன் மரபணுக்களை நம் மரபணு நூலோடு சேர்த்துத் தைத்துவிடுகிறது. அந்த நூல், புரத உருண்டைகளின் மேல் சுற்றிக் கிடக்கிறது. சுற்று தளர்ந்திருந்தால் கிருமி விழித்துப் பெருகும். இறுகியிருந்தால் தூங்கும். நூலிலும் உருண்டையிலும் ஒட்டும் சின்னஞ்சிறு ரசாயனப் பொட்டுகளே சுற்றைத் தளர்த்துகின்றன, இறுக்குகின்றன.

மாத்திரை, பெருகும் கிருமியைத் தடுக்கும். தூங்குவதைத் தொடாது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே கிருமி மீண்டும் பெருகத் தொடங்கிவிடும். உடம்பு தேறிய பின்பும் மருந்தை ஒருநாள்கூட விடக்கூடாது என்று அரசு ஆஸ்பத்திரியில் சொல்வது இதனால்தான்.

தூங்கும் கிருமியைத் தட்டி எழுப்பி அழிக்கலாமா, எழவே முடியாதபடி சுற்றை இறுக்கிப் பூட்டலாமா? விஞ்ஞானிகள் இரண்டு வழியிலும் முயல்கிறார்கள். இரண்டும் இன்னும் சோதனையில்தான் இருக்கின்றன.