கல்விக் கொடை வள்ளல் கர்மவீரர் பாவுராவ் பாட்டீல்

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என இல்லறத்தார்க்கு நம் அறநூல்கள் விதித்த தானங்கள் நான்கு. இவற்றுள் கல்விக் கொடையை வாழ்நாள் விரதமாக ஏற்று, அதன் பொருட்டுத் தம் இல்லத்தையே அறச்சாலையாக்கிய சமணப் பெருந்தகை ஒருவர் மராட்டிய மண்ணில் வாழ்ந்தார். மக்கள் அவரைக் கர்மவீரர் என்று போற்றினர். மாணவர்கள் அண்ணா என்று அழைத்தனர். அவரே பாவுராவ் பாட்டீல்.

கோலாப்பூர்ப் பகுதியிலுள்ள கும்போஜ் என்னும் ஊரில், 1887ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள், திகம்பர சமணக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தையார் பாயகௌடா பாட்டீல் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். பாகுபலி பகவானின் திருவுருவம் நிற்கும் கும்போஜ் குன்றுக்கு யாத்திரை சென்று வந்த நம் அன்பர்கள் அவ்வூரை நன்கறிவர். தாழ்த்தப்பட்டோர்க்கு ஊர்க் கிணற்றில் நீர் மறுக்கப்படுவதைச் சிறுவர் பாவுராவ் கண்டார். மனம் பொறாது அக்கிணற்றின் இராட்டினத்தை உடைத்தெறிந்தார் என்று அவர் வரலாறு கூறுகின்றது.

கோலாப்பூரில் உயர்நிலைக் கல்வி பயின்ற காலத்தில் அவர் சமண மாணவர் விடுதியில் தங்கியிருந்தார். அந்நகரில் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கென மிஸ் கிளார்க் விடுதி 1908இல் தொடங்கப்பெற்றது. அவ்விழாவுக்குச் சென்று திரும்பிய பாவுராவைத் தீட்டு நீங்க நீராடுமாறு பணித்தனர். மனிதரோடு அமர்ந்து வந்தமைக்குத் தீட்டில்லை என்று அவர் மறுத்தார், விடுதியினின்றும் வெளியேற்றப்பட்டார். இதனைச் செய்தது நம் சமயத்தார் நடத்திய விடுதியே என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. எண்வகைச் செருக்குள் குலச்செருக்கும் ஒன்றென்றும், அது நற்காட்சிக்குக் கேடென்றும் நாளும் ஓதுகின்றோம். அதை ஓதிய பெரியோர் மறந்தபோது, நினைவிற்கொண்டு ஒழுகியவர் அந்த இளைஞரே.

அவ்விடுதியின் பொறுப்பிலிருந்தவர் அண்ணாசாகிப் லட்டே. சமணம் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதிய அறிஞர் அவர். 1914ஆம் ஆண்டளவில், கோலாப்பூரில் இருந்த ஆங்கில அரசரின் சிலைக்கு யாரோ தார் பூசிவிட, அவ்வழக்கில் லட்டேயைச் சிக்க வைக்க முயன்றனர். அவருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி கூறுமாறு பாவுராவைச் சிறையிலிட்டு வருத்தினர். தம்மை விடுதியினின்றும் நீக்கியவர் என்ற பகை சற்றும் இன்றி, துன்பமனைத்தையும் பொறுத்து, பொய்யுரைக்க அவர் இறுதிவரை இசையவில்லை. வாய்மையும் பொறையும் ஓரிடத்தே கூடியிருந்தமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பள்ளிக் கல்வியை முற்ற முடிக்காத பாவுராவ், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும், கிர்லோஸ்கர் இரும்புக் கலப்பைகளை ஊர்தோறும் விற்றும் பொருளீட்டினார். அவ்வாறு சுற்றிய காலத்தில் உழவர் குடும்பங்களின் அறியாமையையும் வறுமையையும் நேரிற் கண்டார். உணவும் உறைவிடமும் கிட்டாமையால் கிராமப் பிள்ளைகள் கல்வி இழப்பதை உணர்ந்தார். கராடு அருகிலுள்ள காலே என்னும் சிற்றூரில், 1919ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், ரயத் சிக்ஷண சன்ஸ்தா என்னும் கல்வி நிறுவனத்தை நிறுவினார். ரயத் என்பது குடியானவரைக் குறிக்கும் சொல். ஆலமரத்தை அதன் சின்னமாகக் கொண்டார்.

1924இல் நிறுவனம் சாதாரா நகருக்கு வந்தது. அங்கே தொடங்கிய விடுதியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உண்டனர். ஒரே கூரையின் கீழ் உறங்கினர். நீர் இறைத்தலும் சமைத்தலும் நிலத்தில் பாடுபடுதலும் அனைவர்க்கும் பொது. 1927ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் அங்கு வந்த காந்தியடிகள், அவ்விடுதிக்குச் சத்ரபதி சாகு மகாராசர் பெயரைச் சூட்டி மகிழ்ந்தார்.

இவ்வறத்திற் பாதி அவர் மனைவியார் இலட்சுமிபாய்க்கு உரியது. செல்வக் குடியிற் பிறந்து, ஆசாரம் மிகுந்த சூழலில் வளர்ந்தவர் அவ்வம்மையார். பல சாதிப் பிள்ளைகளைத் தம் அடுக்களையில் அமர்த்தி உணவிடுதல் அந்நாளில் எளிதன்று. ஆயினும் கணவரின் நோன்பைத் தம் நோன்பாக ஏற்றார். நோயுற்ற பிள்ளைகளின் அருகிருந்து பேணினார். விடுதியில் தானியம் தீர்ந்த நாள்களில் தம் அணிகலன்களை ஒவ்வொன்றாகத் தந்தார். இறுதியில் மங்கல நாணையும் கழற்றித் தந்தார். ஒரு குலமகள் அதனைக் கழற்றுவதன் பொருளை நம் தாய்மார்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. நட்ட மரம் பெருமரமாவதைக் காணாமலே 1930இல் அவ்வம்மையார் மறைந்தார். அதன் பின்னரும் பாவுராவ் தளர்ந்தாரில்லை. மனைவியார் விட்டுச் சென்ற பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருந்தனர் அன்றோ!

1935இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும், 1940இல் உழைத்துக்கொண்டே பயிலும் முறையிலான உயர்நிலைப் பள்ளியும் சாதாராவில் எழுந்தன. 1947இல் சத்ரபதி சிவாஜி கல்லூரி தோன்றியது. வறிய மாணவர் கட்டணத்துக்கு ஈடாகத் தம் உழைப்பை நல்கிப் பட்டம் பெற அது வழிவகுத்தது. காந்தியடிகள் 1948இல் மறைந்தபோது, அவர் பெயரால் 101 உயர்நிலைப் பள்ளிகள் தொடங்குவதாகப் பாவுராவ் சூளுரைத்தார். இடையே அரசின் மானியம் நிறுத்தப்பட்டபோதும் மக்கள் அவரைக் கைவிடவில்லை. பின்னர் மானியமும் மீண்டது. அவர் வாழ்நாளுக்குள்ளேயே 100க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகள் இயங்கின.

1959இல் இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்தது. அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள், பள்ளி இறுதித் தேர்வையும் கடவாத அப்பெரியார்க்குப் பூனாப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. ஒரு திங்கள் கழித்து, மே 9ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அந்த ஆலமரம் இன்று 700க்கும் மேற்பட்ட கிளைகளோடு தழைத்து நிற்கின்றது. அதன் நிழலில் பயின்றோர் பாட்டனாராகிவிட்டனர். அவர்தம் பேரப்பிள்ளைகளும் அங்கேயே பயில்கின்றனர்.

மிகுபொருள் விரும்பாமையைத் துறவியர்க்கே உரியதென்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். மனைவி மக்களோடு வாழ்ந்த ஓர் இல்லறத்தார் அதனை இவ்வளவு முழுமையாக மேற்கொள்ள முடிந்தது. தம் பிள்ளை, பிறர் பிள்ளை என்னும் வேற்றுமையே அவர் இல்லத்தில் இல்லாதிருந்தது. நம் ஊர்களிலும் கல்விக் கட்டணம் செலுத்த இயலாது தவிக்கும் பிள்ளைகள் உளர். அட்டாஹ்னிக நாள்களிலும் தீபாவளி நன்னாளிலும் ஜினாலயத்திற்கு நாம் அளிக்கும் காணிக்கையோடு, அப்பிள்ளைகளுள் ஒருவரின் ஓராண்டுப் படிப்புச் செலவையும் குடும்பத்துக்கு ஒன்றாக ஏற்போமாயின், அதுவே அப்பெருமகனார்க்கும் இலட்சுமிபாய் அம்மையார்க்கும் நாம் செய்யும் நினைவஞ்சலியாகும்.