யானை பில்

பர்மா நாட்டுத் தேக்கைக் காட்டினின்று ஆற்றிற்குக் கொணர்ந்தவை யானைகளே. மலைச்சரிவில் வீழ்த்திய அடிமரங்களைச் சங்கிலி பூட்டி இழுத்து அவை ஓடைகளிற் சேர்க்கும்; கார்கால வெள்ளம் அம்மரங்களைப் பேராறுகளின் வழியே இரங்கூன் ஆலைகளுக்குக் கொண்டு செல்லும். இத்தொழிலிற் பல்லாண்டு ஈடுபட்டு, உலகினரால் ‘யானை பில்’ என்று அழைக்கப்பெற்றவர் ஜேம்ஸ் ஹோவர்டு வில்லியம்ஸ்.

இங்கிலாந்தின் மேற்குக் கோடியாகிய கார்ன்வாலில் 1897-ஆம் ஆண்டு பிறந்த வில்லியம்ஸ், முதல் உலகப்போரில் ஒட்டகப் படையிற் பணிபுரிந்தார். 1920-இல் பம்பாய்-பர்மா வாணிகக் கழகத்தில் சேர்ந்தார். சிந்த்வின் ஆற்றையடுத்த காடுகளில் 70 யானைகளும் அவற்றின் பாகர்களும் அவர் பொறுப்பில் விடப்பட்டனர்.

பர்மியப் பாகர்தம் வாழ்க்கை அவருக்கு வியப்பூட்டியது. அவர்கள் மனைவி மக்களோடு காட்டு முகாம்களிலேயே வாழ்ந்தனர். பகலெல்லாம் உழைத்த யானையைக் குளிப்பாட்டி, முன்கால்களில் தளையிட்டுக் கழுத்தில் தேக்குமர மணியொன்றைக் கட்டி, அந்தியிற் காட்டில் விட்டுவிடுவர். இரவில் அது தானே மேயும். காட்டு யானைகளோடும் கூடும். விடியலிற் பாகன் அடிச்சுவடு கண்டும் மணியோசை கேட்டும் தன் யானையைத் தேடிச் செல்வான். மணிகளைப் பாகர்களே குடைந்தமையால் ஒன்றன் ஒலி மற்றொன்றற்கு இராது. பிடித்து அடைக்கப்பட்ட விலங்கென்று இதனைக் கூறுதல் பொருந்துமோ?

ஆயினும் அத்தொழிலிற் கொடுமையும் இருந்தது. முகாமிற் பிறந்த கன்றுகளைக் கழகத்தார் பயனற்ற சுமையென்றே கருதினர். ஈன்ற பிடி மீண்டும் மரமிழுக்கச் செல்லும். காப்பின்றிக் கன்று மடியும். குறைந்த தொகையை நிரப்பக் காட்டு யானைகளைப் பிடித்து அடித்துப் பணியவைத்தனர். அவற்றுட் பல இறந்தன. இவ்வழக்கத்தை மாற்ற வழிகாட்டியவர் போ டோக் என்னும் பர்மியப் பாகர். முகாமிலே பிறந்த களிற்றுக் கன்றொன்றை அன்பினாலேயே பழக்கி, அதற்குப் பர்மியப் படைத்தலைவர் ஒருவரது பெயரைச் சூட்டிப் பந்தூலா என வழங்கினார் அவர். வளர்ந்த பந்தூலா ஏனைய யானைகளினும் வலிமையும் அறிவும் உடையதாய் விளங்கிற்று. கல்வியறிவில் மிக்க வெள்ளையதிகாரி, காட்டுப் பாகரிடம் மாணாக்கராயினார். போ டோக்கின் முறையைக் கழகத்தார் ஏற்குமாறு செய்து, கன்றுகளுக்குப் பயிற்சிப் பள்ளியும் நோயுற்றவற்றுக்கு மருத்துவமனையும் அமைத்தார்.

1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். வில்லியம்ஸ் ஆங்கிலேயரின் பதினான்காம் படையிற் சேர்ந்து, யானைகளைக்கொண்டு காட்டாறுகளின்மேற் பாலங்கள் பல அமைத்தார். 1944-இல் பகைவர் மணிப்பூரை நெருங்கவே, 45 யானைகளையும் பாகர்களையும் 64 பெண்டிர் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, வழியே இல்லாத மலைத்தொடர்களைக் கடந்து அசாமை நோக்கிப் புறப்பட்டார். நடுவழியிற் செங்குத்தான பாறை ஒன்று குறுக்கிட்டது. ஒருபுறம் அதலபாதாளம். பாறையிற் படிகள் வெட்டினர். யானையின் அடி ஊன்றும் அளவே அகலம். ஒன்று கால் தவறினும் பின்வருவன அனைத்தும் வீழும். முதலிற் பந்தூலா ஏறிற்று. ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து அது உச்சியை அடைந்தபோது அதன் கால்கள் நெடுநேரம் நடுங்கின. அதன் பின்னே ஏனையவும் ஏறின. கச்சார்த் தேயிலைத் தோட்டத்தை அடைந்தபின், அப்பெருங்களிறு அன்னாசித் தோட்டத்துட் புகுந்து வயிறு நோவத் தின்றதாம்!

பந்தூலா பின்னர்க் காட்டில் சுடப்பட்டு இறந்துகிடந்தது, தந்தமொன்றும் கவரப்பட்டிருந்தது. வில்லியம்ஸ் தாயகம் திரும்பித் தம் அனுபவங்களை 1950-இல் நூலாக வெளியிட்டார். 1953-இல் பந்தூலாவைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். 1958-இல் அவர் மறைந்தார்.

அவர் பழகிய தொழில் அவருக்குப் பின்னும் பல்லாண்டு நிலைத்தது. 2014-இல் பர்மிய அரசு அறுக்கப்படாத மரங்களின் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது, யானைகள் பல வேலையிழந்தன. அவற்றை நம்பிய குடும்பங்களும் வருவாய் குன்றின. அதற்கு முன்னரே, 2011-இல், கலோ என்னும் மலையூருக்கு அருகில் முதிர்ந்த மரயானைகளுக்கெனப் புகலிடம் ஒன்று அமைந்திருந்தது. வந்த பயணிகள் யானைமேல் ஏறவில்லை. உணவூட்டினர், ஓடையிற் குளிப்பாட்டினர். அவர்கள் தந்த பணம் யானைக்குத் தீனியாகவும், பாகர்க்கும் அருகிலுள்ள சிற்றூரார்க்கும் கூலியாகவும் ஆயிற்று. பின்னர் அரசின் மரமுகாம்கள் சிலவும் காண்போர்க்குத் திறக்கப்பட்டன.