வெளியேற்றப்பட்டவர் கண்ட கலம்

எமது வீட்டு முதியவர் பிள்ளையின் பெயரை மறக்கும்போதுதான் அல்சைமர் என்ற சொல் எமக்குள் நுழைகிறது. அந்த நோயில் மூளையில் ஏற்படும் அழற்சியை ஆராய்வோர் முதலில் பார்ப்பது மைக்ரோகிளியா என்னும் சிறு கலங்களை. அவற்றை இனங்கண்டவர், ஸ்பெயினில் 1882 இல் பிறந்த பியோ தெல் ரியோ ஓர்த்தேகா.

மூளைத் துண்டுகளுக்கு வெள்ளிக் காபனேற்றினால் சாயமேற்றி, 1919 இல் இக்கலங்களைப் பிரித்துக் காட்டினார். காயம்பட்ட இடத்துக்கு நகர்ந்து சென்று, உருவம் மாறி, சிதைவுகளை விழுங்குபவை அவை என்றும் கண்டார். காவலாளிகள்தான். ஆனால் அல்சைமர் மூளையில் அந்தக் காவல் ஓயாமல் நீடித்தால் நரம்புக் கலங்களையே தாக்கவும் கூடும் என்பதைப் பின்வந்தவர்களே அறிந்தார்கள்.

அடுத்த ஆண்டே, நோபல் பரிசு பெற்ற கஹால் தன் ஆய்வுகூடத்திலிருந்து இவரை வெளியேற்றினார். மனக்கசப்புத்தான், வேறென்ன. பின்பு உள்நாட்டுப் போர் வந்து நாட்டையே விட்டுப் போகவைத்தது. பாரிஸ், ஒக்ஸ்போர்ட், 1940 இல் புவனஸ் அயர்ஸ்: இப்படியான பட்டியல் எங்கள் குடும்பங்களிலும் உண்டு. போன இடமெல்லாம் நுணுக்குக்காட்டியின் முன் மறுபடி அமர்ந்தார். புவனஸ் அயர்ஸில் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார்.

1945 இல் புற்றுநோய் அவரை அங்கேயே கொண்டுபோனது. எச்சங்கள் வல்லதோலித்துக்குத் திரும்பியது 1986 இல்தான்.